யாக்கோப்பர் வைத்த நீலப் பொட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணி முதல் தடவை அடித்து ஓய்ந்த நேரம். யாக்கோப்பர் மகனின் அலுமாரியைத் திறந்து, அந்தக் கைமணிக்கூட்டை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. குலுக்கினார். உள்ளே எதுவோ சுற்றியது, ஊசி ஓடத் தொடங்கியது. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மறுபடியும் நின்றிருந்தது.

"நான் அண்டைக்கே நினைச்சனான்," என்றார், ஒருவரும் கேட்காமலே.

"என்னத்தை நினைச்சனீங்கள்?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி மதலேனா கேட்டா.

"நிச்சயதார்த்தத்திலை போட்ட மணிக்கூடு நிக்குது. புதுசு. நிக்குமோ?"

முல்லைத்தீவு, செல்வபுரம் கரையில் யாக்கோப்பரைத் தெரியாதவர்கள் இல்லை. நல்ல தொழிலாளி. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் தன் நிழல் எங்கே போகிறதென்று திரும்பிப் பார்க்கிற மனிதர். கடற்கரையில் எல்லோரும் தங்கள் வலை மிதவைக்குத் தங்கள் வள்ளத்து நிறத்தில் அடையாளம் வைப்பதுதான். அது தொழில் முறை. இவரோ எண்ணெய்க் கான், குடை, பெருநாளுக்கு இரவல் கொடுக்கிற கதிரை, தேங்காய்த் திருவலை வரைக்கும் தன் நீலப் பெயின்றால் பொட்டு வைத்திருந்தார். "என்ரை நெத்தியிலை மட்டுந்தான் இன்னும் வைக்கேல்லை," என்பா மதலேனா.

மணிக்கூட்டின் கதை இதுதான். மகன் நிறோஜனுக்குப் பக்கத்து ஊரான சிலாவத்தையில் டிலுசாவைப் பெண் பேசியபோது, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்," என்று யாக்கோப்பர் பெருந்தன்மையாகத் தொடங்கினார். ஒன்றும் வேண்டாம் என்கிறவர்கள் கடைசியில் கேட்கிற அந்த ஒன்றில்தான் வில்லங்கமே இருக்கும். "பொடியனுக்கு ஒரு வெளிநாட்டு மணிக்கூடு மட்டும் போடுங்கோ. பேர் பெத்த கொம்பனியா இருந்தால் சரி." பக்கத்து வீட்டுச் செந்தூரனுக்கு மாமன் வீடு அப்படியொன்று போட்டிருந்தது. அதைவிட ஒரு பிடி கூடவே இருக்க வேண்டும் என்பது அவர் மனக்கணக்கு.

டிலுசாவின் தாய் ஆன்சலா, புருஷனைச் சண்டைக் காலத்தில் பறிகொடுத்து, கருவாடு காயவைத்து விற்று மகளை வளர்த்தவா. பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற தம்பி ரூபனிடம் சொன்னா. மணிக்கூடு வந்தது. கனத்த உருக்கு, முகத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமத்தினால் ஓட்டப்போட்டிக்கு நேரம் பிடிக்கிற பெரிய ஊசி ஓடும். கீழ்ப் பொத்தானை அமத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்பி வரும். ஊரே கையை இழுத்து இழுத்துப் பார்த்தது. அன்றைக்கு யாக்கோப்பர் நடந்த நடையில் தரை அவர் காலில் பட்டதோ தெரியாது.

அது பற்றரி இல்லாத ஒட்டோமற்றிக் மணிக்கூடு. கையில் கட்டிக்கொண்டு நடமாடினால்தான் தன்பாட்டில் முறுகி ஓடும். நிறோஜனோ அதைப் பூசைக்கு மட்டும் கட்டினான். கடலுக்குப் போகிற நாளெல்லாம் அது அலுமாரிக்குள் கிடந்தது. நிற்காமல் என்ன செய்யும்? யாக்கோப்பருக்கு இது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கமும் இல்லை. கேட்டால் தன் அறியாமை மற்றவனுக்குத் தெரிந்துவிடுமாம். பெரிய ஊசியும் பன்னிரண்டில் சரியாக நில்லாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்பதைக் கண்டதும் அவருக்கு உறுதியாகிவிட்டது.

"டூப்பிளிக்கேட்," என்றார்.

அந்த ஞாயிறுதான் கோயிலில் நிறோஜனுக்கும் டிலுசாவுக்கும் முதலாம் ஓலை, அதாவது கலியாண அறிவித்தல், வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கலியாணத்துக்குத் தடை சொல்லுகிறவர்கள் அதற்குள் பாதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு மர வாங்கில் குந்தியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனே தடை சொல்லுகிற யோசனையில் இருந்தார் என்பது பாவம், பாதருக்கும் தெரியாது.

முதலில் நிச்சயம் பண்ண வேண்டும். முல்லைத்தீவுச் சந்தையடியில் மணிக்கூடு திருத்துகிற விஜிதரனிடம் காட்டலாம். ஆனால் அங்கேயும் ஒரு சந்தேகம். விஜிதரனின் தகப்பன் வீரையா, கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடிவந்தவர். மகன் முல்லைத்தீவுக்குப் பக்கத்து ஊரான தண்ணீரூற்றிலேயே பிறந்து வளர்ந்தவன். இருந்தும் யாக்கோப்பரின் வாயில் அவன் 'மலைநாட்டு ஆள்'. "வந்தேறு சனம். கண் மறைஞ்சால் உள் மெசினை மாத்திப்போடுவாங்கள்." இடம்பெயர்ந்து எத்தனை ஊர்க் கொட்டிலில் தானும் வந்தேறியாய்க் கிடந்தார் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவு வரவில்லை. நமக்கு வசதியில்லாதது நினைவுக்கு வருவது குறைவு.

திங்கட்கிழமை மகன் வலை இழுக்கப் போனதும், யாக்கோப்பர் மீன் கத்தியின் நுனியால் மணிக்கூட்டின் பின்மூடியை நெம்பினார். கழன்றது. உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஈர்க்கில் முனையில் நீலப் பெயின்ற் தொட்டு அதில் ஒரு பொட்டு வைத்தார். மூடியை உள்ளங்கையால் குத்தி அடைத்தார். இனி எவன் மாற்றினாலும் பிடித்துவிடலாம். அந்தத் திருப்தியில், காயாத பெயின்றோடு மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்.

கடையில் போய் கதிரையை இழுத்து நேரெதிரே போட்டுக்கொண்டார். "தம்பி, இது ஒறிஜினலோ டூப்பிளிக்கேட்டோ எண்டு பாத்துச் சொல்லும். எனக்கு முன்னாலை திறவும். நான் இதிலையிருந்து எழும்ப மாட்டன்."

"இருங்க ஐயா, நல்லாப் பாருங்க," என்றான் விஜிதரன். வீட்டுப் பேச்சின் அந்த 'ங்க' அவனை விட்டுப் போகவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, முதலில் முகத்தைப் பார்த்தான். பொத்தான்களை அமத்தினான். எதுவும் ஓடவில்லை. பின்மூடியைக் கழற்றினான். மேசை விளக்கை அதன் பக்கம் இழுத்தான். யாக்கோப்பர் எட்டிப் பார்த்தார். தன் நீலம் இருந்தது.

"ஐயா, இதை யாரும் திறந்தாங்களா?"

"ஆர் திறக்கிறது? ஒருத்தரும் திறக்கேல்லை." கள்ள மனம் துள்ளும் என்பார்கள், யாக்கோப்பருக்குக் காது சிவந்தது.

விஜிதரன் மேலே கேட்கவில்லை. "முகத்தில இருக்கிற பேரு பொய்ங்க ஐயா. எழுத்தோட ஓரத்தைப் பாத்தாலே தெரியும். அந்தக் கொம்பனி மெசினும் இது இல்ல, சீனாவில செய்ததுங்க. ஆனா நல்ல மெசின். கழுவி எண்ணெய் விட்டு, அந்தப் பெரிய ஊசியைக் கழட்டி நேராப் போட்டா இன்னும் கனகாலம் ஓடும். இப்ப நின்னதுக்குக் காரணம்..."

காரணம் கேட்க யாக்கோப்பர் அங்கே இல்லை. 'பேரு பொய்' என்ற சொல்லோடு அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். எழும்பமாட்டேன் என்றவர் மணிக்கூட்டைக்கூட எடுக்க மறந்துவிட்டார்.

நேரே சிலாவத்தை. ஆன்சலா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. படலையைத் திறந்தபடியே யாக்கோப்பர் கத்தத் தொடங்கினார். "கள்ளச் சாமானைப் போட்டு எங்களை ஏமாத்திப்போட்டியள். அடுத்த ஓலை வாசிக்க விடமாட்டன். பாதரிட்டை இண்டைக்கே போறன்."

அயல் வீடுகளின் வேலிகளில் தலைகள் முளைத்தன. ஆன்சலா கருவாட்டைப் போட்டுவிட்டு எழும்பினா. ஓலை வாசித்த பெட்டையின் கலியாணம் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பது அவவுக்குத் தெரியும். "அண்ணை, என்ரை தம்பி அப்பிடிச் செய்ய மாட்டான். சத்தியமாச் செய்ய மாட்டான்," என்று அழுதா.

டிலுசா வெளியே வந்தாள். அழவில்லை. "எந்தக் கடையிலை காட்டினனீங்கள் மாமா? நானும் வாறன். நிறோஜனையும் வரச் சொல்லுறன். அதுக்குப் பிறகு பாதரிட்டைப் போங்கோ."

நிறோஜன் கரையிலிருந்து மீன் செதிளோடேயே கடைக்கு வந்து சேர்ந்தான். விஜிதரன் மணிக்கூட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தான். எல்லோரையும் கண்டதும், என்ன சொல்லுவது, யாரைப் பார்த்துச் சொல்லுவது என்று அவனுக்குத் தயக்கமாக இருந்தது.

"அண்ணை, இது ஏன் நிண்டது?" என்று டிலுசா கேட்டாள்.

"டூப்பிளிக்கேட் எண்டதால நிக்கலைங்க. அலுமாரியில வச்சா இந்த வகை தானா நின்னுடும், கட்டினா ஓடும். இப்ப ஓடவே மாட்டேங்கிறதுக்குக் காரணம் இது." சாமணத்தால் மயிரிழை மாதிரி ஒரு சுருள் கம்பியைத் தூக்கிக் காட்டினான். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீலமாக இருந்தன. "யாரோ உள்ளுக்குப் பெயின்ற் விட்டிருக்காங்க. காயுறதுக்கு முந்தி ஆட்டினதில தெறிச்சிருக்கு."

நிறோஜன் குனிந்து பார்த்தான். அந்த நீலத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறான். "அப்பா," என்றான். "இது எங்கடை வள்ளத்து நீலம்."

யாக்கோப்பர் விரல் நுனியை வேட்டியில் துடைத்தார்.

"இன்னொண்டும் சொல்லுறன், கேளுங்கோ. இது டூப்பிளிக்கேட் எண்டு எனக்கு முதலே தெரியும். ரூபன் மாமா கடன்பட்டு ஒறிஜினல் வாங்கப் போனவர். நான்தான் மறிச்சனான். 'எங்கடை அப்பாக்குப் பேர் தெரிஞ்சால் போதும், இதை வாங்குங்கோ' எண்டு சொன்னது நான். டிலுசாக்குத் தெரியும். அவளின்ரை அம்மாக்குத் தெரியாது. நீங்கள் போய்க் கத்தினது அந்த மனிசியிலை."

"எனக்கேன்ரா சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியளோ?"

யாக்கோப்பர் நம்பியிருக்க மாட்டார். பெண்வீட்டார் மகனுக்கு வசிய மருந்து போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அது அவருக்கே தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

டிலுசா அந்த நீலச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "மாமா, ஒரு மணிக்கூட்டை நம்பாமல் அதுக்குள்ளையே பெயின்ற் பூசினனீங்கள். நாளைக்கு நான் உங்கடை வீட்டுக்கு வந்தால், என்னிலை எங்கை பூசிப் பாப்பியள்?"

யாக்கோப்பர் வள்ளம் கவிழ்ந்தும் கரை வந்தவர். அந்தக் கேள்விக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டார். ஒரு பிள்ளை தன் வீட்டுக்கு வரப் பயப்படுகிறாளே என்று அவருக்கு உறைத்தது.

பிறகு விஜிதரனைப் பார்த்தார். "தம்பி, நீர் மெசினை மாத்திப்போடுவீர் எண்டு நினைச்சுத்தான் பொட்டு வைச்சனான். உம்மடை தகப்பன் எங்கையிருந்து வந்தவர் எண்டதை வைச்சு நினைச்சனான்."

விஜிதரன் கையிலிருந்த சாமணத்தைத் துடைத்தான். "தெரியுங்க ஐயா. நீங்க கதிரையை இழுத்துப் போட்டப்பவே தெரியும். பழகிப்போச்சு. ஆனா பழகினாலும் நோகத்தான் செய்யும்."

"பிள்ளை," என்று யாக்கோப்பர் டிலுசாவிடம் திரும்பினார். "நான் பாதரிட்டைப் போகேல்லை. ஓலை வாசிக்கட்டும். உமக்கு விருப்பமெண்டால்."

"விருப்பம்தான். ஆனால் எங்கடை முத்தத்திலை நிண்டு ஊர் கேக்க எங்களைக் கள்ளர் எண்டு சொன்னனீங்கள். அதே ஊர் கேக்க அதைத் திருப்பிச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஓலைக்குத் தடை சொல்லுறது நானாத்தான் இருக்கும்."

யாக்கோப்பர் அந்தக் கிழமை முழுக்கக் கடலுக்குப் போகவில்லை. 'வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்' என்று மதலேனா தன்பாட்டில் முணுமுணுத்தா. தன்மானம் ஒரு பக்கம், மகனின் வாழ்வு ஒரு பக்கம். ஊருக்கு முன்னால் தலை குனிந்து பழக்கமில்லாத மனிதர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பாதர் இரண்டாம் ஓலையை வாசித்தார். வழக்கம்போலக் கேட்டார்: "ஆருக்காவது ஆட்சேபம் இருந்தால் அறியத்தரவும்." யாக்கோப்பர் எழும்பினார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆன்சலா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

அவர் முன்வாங்கு வரைக்கும் நடந்து வந்து, சனத்தைப் பார்த்து நின்றார்.

"ஆட்சேபம் என்னிலைதான். ஆன்சலா வீட்டார் கள்ளர் எண்டு கத்தினனான். அவை கள்ளரில்லை. மணிக்கூட்டைப் பழுதாக்கினதும் நான்தான். மணிக்கூட்டுக்காரத் தம்பியைக் காரணமில்லாமல் கள்ளனா நினைச்சதும் நான்தான். பொம்பிளை வீட்டிட்டைப் பொருள் கேட்டு வாங்கிறவனுக்குப் பொய்தான் வந்து சேரும். அது குடுத்தவையின்ரை பொய்யில்லை. கேட்டவன்ரை பொய்."