விருந்தாளிக்காக மூடிய பள்ளம்

நகரத்தில் நன்றாக இருக்கிற ரோட்டையே பெயர்த்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். பால்காரியின் ஊருக்கு மட்டும் பள்ளமும் குழியும்தான் பாதை. பால் கம்பெனி வண்டி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. ஊர்ப் பாலையெல்லாம் கேனில் ஊற்றி, தன் லோடு ஆட்டோவில் அவளே கொண்டுபோவாள். வெயிலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் பால் திரிந்துவிடும். ரோடு வராவிட்டால் மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்கே பிழைக்கப் போவது என்று புருஷன் ஒற்றைக்காலில் நின்றான். அவளுக்கோ மாட்டையும் ஊரையும் விட மனசில்லை.

மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக இன்ஜினியர் பார்க்க வருகிற நாளும் வந்தது. காலையில் கறவையை முடித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் பாதையில் இருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு முன்னால் நின்றது அவள் மாமியார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"நம்மள நம்பி ஒரு மனுஷன் வர்றாரு. இடுப்பு ஒடிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்? எல்லாப் பள்ளத்தையும் மூடியாச்சு, பாரு!"

பால்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் இன்ஜினியரின் கார் வந்துவிட்டது, குலுங்காமல் வழுக்கிக்கொண்டு.

"ரோடு பரவாயில்லையேம்மா" என்றார் இன்ஜினியர். "இதைவிட மோசமான ஊரெல்லாம் வரிசையில நிக்குது."

மாமியாருக்கு வாயெல்லாம் பல். பால்காரிக்கு அழுகை முட்டியது.

"சார், இது இப்ப போட்ட மண்ணு!"

"எல்லா ஊர்லயும் இப்படி ஏதாவது சொல்வாங்கம்மா."

"அப்ப என் வண்டியில வாங்க. கேன் எல்லாம் நிறைஞ்சிருக்கு. ரோடு நல்லா இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

பெண்பிள்ளை சவால் விட்டபிறகு அவர் எப்படி மாட்டேன் என்பார்? ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் பள்ளத்திலேயே புதுமண் பொதபொதவென்று அமுங்கி, பாரம் தாங்காமல் சக்கரம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. இன்ஜினியர் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் ஒரு கேனின் மூடி தெறித்து, அவருக்குத் தலையோடு பாலாபிஷேகம் ஆயிற்று. வண்டி நகரவில்லை.

மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயையோ, விருந்தாளியத் தள்ள விட்டுட்டோமே! சீக்கிரம் இன்னும் நாலு கூடை மண்ணு கொண்டாங்கப்பா!"

மீசையில் பால் சொட்ட இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மண்வெட்டியக் கீழ போடுங்க. போட்ட மண்ணையும் அள்ளிடுங்க. நாளைக்கு எங்க பெரிய ஆபீசரைக் கூட்டிட்டு வந்து காட்டறேன். அவரு பார்த்தாத்தான் ரோடு வரும். எல்லாப் பள்ளமும் அப்படியே இருக்கணும்."

பால்காரி சந்தோஷத்தில் ஸ்டியரிங்கிலேயே ஓங்கித் தட்டினாள். ஊரே சிரித்தது. மாமியார் முகம் மட்டும் வாடிவிட்டது.

"அவருக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குமே, தம்பி?"