புறங்கை நெய்

என் வீட்டுக்காரர் பொன்ராஜுக்கு மூக்குதான் மூலதனம். பாளையம்பட்டியில் வீட்டோடு ஒட்டி எங்களுக்கு நெய்க்கடை. நரிக்குடி, திருச்சுழிப் பக்கமிருந்து பெண்கள் தூக்குச்சட்டியில் நெய் கொண்டுவருவார்கள். ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். "இது பழைய வெண்ணெய்ல உருக்குனது", "இதுல வனஸ்பதி கலந்திருக்கு" என்பார். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கர்வத்தில் என்னையும் விடமாட்டார். "பொம்பளைக்கு இருக்கிறது அடுப்புப்புகை மூக்கு. நெய் வாடை அதுக்குப் பிடிபடாது" என்பார். இருபது வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஊரையே போட்டுப் புரட்டிய விஷக்காய்ச்சல் அவரையும் புரட்டியது. பத்து நாள் கழித்து எழுந்தார். மறுநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோலம் போடப் போனேன். தீய்ந்த வாடை தெருவரைக்கும் வந்தது. ஓடிவந்து பார்த்தால் பால் பொங்கி, அடிபிடித்துக் கருகுகிறது. மனிதர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

"என்னங்க, மூக்கு எங்க போச்சு?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "போயிருச்சு முத்துமாரி. காய்ச்சல்லேர்ந்து ஒரு வாடையும் தெரியல. வெளிய தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் வனஸ்பதியாக் கொண்டாந்து எறக்கிருவாளுக. கடை போயிரும்."

பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது, பொய் சொல்வானேன்.

அருப்புக்கோட்டை டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூளை நீட்டினார். ஒன்றுமில்லை. பெருங்காயம். அதுவும் இல்லை. கடைசியில் ஒரு குப்பியைத் திறந்து காட்டியதும் இவர் துள்ளி எழுந்தார். "வந்துருச்சு டாக்டர்!"

"அது வாசனையில்ல, நவச்சார நெடி. மூக்குல எரிச்சலைச் சொல்ற நரம்பு வேற, வாசனையைச் சொல்ற நரம்பு வேற. உங்களுக்குப் படுத்துக்கிட்டது ரெண்டாவது" என்றார் டாக்டர். "இதுக்கு மருந்துன்னு சொல்லி ஏமாத்தமாட்டேன். காலையும் சாயங்காலமும் தெரிஞ்ச நாலு சாமானை மோந்து, அது முன்னே எப்படி மணத்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. மாசக்கணக்காகும். வந்தாலும் வரும்."

நான்கு டப்பாக்கள் வைத்தேன்: காப்பித்தூள், பெருங்காயம், கிராம்பு, எலுமிச்சைத் தோல். ஒருநாள் வெறும் டப்பாவை நீட்டினேன். "லேசா வர்ற மாதிரி இருக்கு" என்றார். சமையல்கட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதுவரை கடைக்கு என்ன வழி? "அடுப்புப்புகை மூக்கு சம்மதமா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே புறங்கையை நீட்டினார். அவர் கடையிலிருந்து வந்ததும் இருபது வருஷமாகக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். அந்தப் புறங்கையில் எனக்குத் தெரியாத நெய்யா?

நெய்யைத் தேய்த்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே வருவார். கதவுக்குப் பின்னால் நான் நிற்பேன். கையைப் பிடித்து மோந்து பார்ப்பேன். நல்ல நெய் என்றால் ஒரு தட்டு, கெட்டது என்றால் ஒரு கிள்ளு. கிள்ளுவதில் எனக்கு மனக்குறை இருந்ததே இல்லை.

நரிக்குடி பிச்சையம்மாள் எமகாதகி. "மொதலாளிக்கு என்ன, சட்டிக்கு ஒரு தாகம் எடுக்குது?" என்று முதலில் கேட்டது அவள்தான். அடுத்த சந்தைநாளில் இரண்டு சட்டியோடு வந்து, இவருடைய இரண்டு புறங்கையிலும் அவளே தேய்த்துவிட்டாள். "ஒண்ணுல வனஸ்பதி கெடக்கு. எதுன்னு இங்கனயே சொல்லுங்க. தண்ணிய பெறகு குடிக்கலாம்."

பத்துப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, வேர்த்துப்போய் நின்றார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். "முத்துமாரி, இங்க வா!" பிச்சையம்மாள் பக்கம் திரும்பினார். "எனக்கு மூக்கு போயி ஒரு மாசமாச்சுத்தா. இம்புட்டு நாளா நெய் பாத்தது இவ மூக்குதான்."

கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வலது கையை மோந்தேன், இடது கையை மோந்தேன். "ரெண்டும் ஒரே நெய். சுத்தமான எருமை நெய். யாரை ஏமாத்துற, பிச்சையம்மா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே கடையில் எனக்கு ஒரு முக்காலி வந்தது. ஒருத்தியைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாமென்று, கெட்ட நெய்க்குக் கிள்ளுகிற வழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஆறு மாதம் போனது. ஒருநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். பின்னால் நீளமாய் ஒரு மூச்சு கேட்டது. திரும்பினால் பேப்பர் படிக்கிறார். சாயங்காலம் பெருங்காய டப்பாவை நீட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஒண்ணும் வரல" என்றார். அன்றைக்கு வெறும் டப்பாவில் இல்லாத வாடை வந்தது, இன்றைக்கு இருக்கிற வாடை வரவில்லையாம்.

மறுநாள் பிச்சையம்மாள் வந்தாள். இவர் நெய்யைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். மோந்து பார்த்தேன். மணம் ஆளைத் தூக்கியது. அப்படிப்பட்ட நெய்க்கு, வேண்டுமென்றே நறுக்கென்று கிள்ளினேன்.

"ஸ்ஸ்... எறக்கு பிச்சையம்மா, அசல் நெய்யி" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் கிள்ளியும் அசல் என்று சொன்னது அவருடைய மூக்குதான். நான் அவரைப் பார்த்தேன், அவர் தராசைப் பார்த்தார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.