அன்புச்செல்வனின் கடைசி 'ஆனா'

1

இந்தக் கதை ஒரு பேனரில் பிறந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கணவர் அன்புச்செல்வன் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'மறைந்த அன்புச்செல்வனின் கடைசி ஆசை: ராஜகிரிக்கு ரோப் கார் வரட்டும்!'

அந்தக் கோட்டை மலைக்கு ரோப் கார் வருவதை ஊரிலேயே அதிகம் எதிர்த்தவர் அவர். நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வந்த முதல் சிரிப்பு.

(வேறொரு தொடக்கமும் எழுதினேன்: 'மலையுச்சியில் மேகம் தவழ்ந்த ஒரு...' மேகத்துக்கு இங்கே வேலையில்லை.)

2

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவரும் பாத்திரக்கடை வெங்கடரமணனும் ஓயாமல் மோதுவார்கள். வெங்கடரமணன் ரோப் கார் கேட்பவர், இவர் மறுப்பவர். ஒருநாள் பேச்சு வீட்டுப் பெண்கள் வரை போய்விட்டது. மறுநாள் இருவரும் வெட்கப்பட்டு ஒரு விதி போட்டார்கள்: மறுக்கும் முன் எதிராளியின் பக்கத்தை அவருக்காக நீ எழுத வேண்டும். அவர் 'அதேதான்' என்ற பிறகே உன் 'ஆனா' தொடங்கலாம்.*

(* இந்த விதி வந்ததும் குழுவில் பாதிப்பேர் சண்டையை விட்டுவிட்டார்கள். அடுத்தவர் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. டைப் அடிக்கவும் சோம்பல்.)

அப்படி வெங்கடரமணனுக்காக என் கணவர் எழுதியதுதான் அவரது கடைசி மெசேஜ்: 'ரோப் கார் வரட்டும். கோட்டை, முட்டி நல்லா இருக்கிறவனுக்கு மட்டும் கட்டினது இல்ல.'

பதில் வந்தது: 'அதேதான். இப்ப ஆனா சொல்லு.'

அதற்குள் இவருக்கு நெஞ்சுவலி. 'ஆனா' வரவே இல்லை.

3

அந்த மெசேஜைப் பிடித்துப் பேனர் வைத்தவன் ரஞ்சித், ரோப் கார் கட்சி. அதைக் கழற்றச் சொல்லிக் குதித்தவரோ அதே கட்சியின் வெங்கடரமணன்.

(இவரை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ என்று சந்தேகம். சமன் செய்ய ஒரு தகவல்: அவர் கடையில் வாங்கிய தாளிப்புக் கரண்டி ஒரே வாரத்தில் பிடி கழன்றது.)

"நாம ஜெயிக்கிற நேரத்துல நீயே கெடுக்கிறியேண்ணே?" என்றான் ரஞ்சித்.

"அவன் பாதிதான்டா பேசியிருக்கான். மைக்கைப் புடுங்கிட்டு ஜெயிக்கிறது இன்னா ஜெயிப்பு?"

பிறகு வெங்கடரமணன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "கலைமதி, அந்த 'ஆனா'வ நீ போட்டுடும்மா. அவன் இன்னா சொல்லியிருப்பான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சிக்கல். விட்டுவிட்டால், தான் நம்பாததையே சொல்லிவிட்டுப் போனவராக ஊர் அவரை நினைவில் வைத்துக்கொள்ளும். நானே இட்டுக்கட்டினால், எனக்கும் ரஞ்சித்துக்கும் என்ன வித்தியாசம்?

4

முதல் முடிவு: அவர் போனிலிருந்தே அனுப்புவது. முயன்றேன். இரண்டு எழுத்துகூட அடிக்கவில்லை, குழுவில் கன்னியப்பன் அலறினார்: 'அன்பு டைப்பிங்னு காட்டுது! எனக்குக் குளிர் ஜுரம் வருது!' போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.

இரண்டாம் முடிவு: அவர் உண்மையிலேயே மனம் மாறி... [வேண்டாம். இதுவும் ரஞ்சித்தின் பேனர் மாதிரிதான்.]

5

என் நம்பரிலேயே குழுவில் சேர்ந்தேன். 'அவரோட ஆனா எனக்குத் தெரியாதுண்ணா. எனக்கே ஒண்ணு இருக்குது.'

'விதிப்படி வா. மொதல்ல என் பக்கத்தச் சொல்லு,' என்றார் வெங்கடரமணன்.

'டூரிஸ்ட் வருவாங்க. வியாபாரம் பெருகும்.'

'அது என் கடை பேசுது.'

'வயசானவங்களுக்கு வசதி.'

'அது நோட்டீஸு.'

யோசித்தேன். எத்தனையோ முறை நாங்கள் எல்லாரும் மலையேறியபோது வெங்கடரமணன் எங்கே இருந்தார்? எழுதினேன்: 'நாங்க மேல போறப்பல்லாம் நீங்க கீழ நின்னு எங்க செருப்பையும் டிபன் பையையும் பாத்துக்கினு இருந்தீங்க. ஒருவாட்டி நீங்களும் மேல நின்னு, உங்க வீட்டு மொட்டை மாடி எங்க இருக்குதுன்னு தேடணும்.'

'வெங்கடரமணன் டைப்பிங்' என்று காட்டியது. பிறகு, 'அதேதான்மா.' அடுத்து ஓர் அழுமுகம். அதற்கடுத்து, கைதவறி, ஒரு குக்கர் விளம்பரம்.

'இப்ப ஆனா சொல்லு.'

6

சொன்னேன். நீளமாகவே சொன்னேன். எங்கள் சண்டை இன்னும் நடக்கிறது.

ரஞ்சித் பேனரைக் கழற்றவில்லை. அடியில் ஒரு துண்டு ஒட்டினான்: 'ஆனா...' அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "ஆனா, இன்னாவாம்?" என்று கேட்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

என் 'ஆனா'வை இங்கே எழுத மாட்டேன். கோபமா? தாராளமாக மறுக்கலாம், விதிப்படி. முதலில் என் பக்கத்தைச் சொல்லுங்கள்: கணவனை இழந்த ஒருத்தி நடுரோட்டில் ஏன் சிரித்தாள்? நான் 'அதேதான்' என்றதும், பேனரின் கடைசிச் சொல்லிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.