திட்டும் கட்டளை

குழுவில் மூன்றே பேர்: அவள், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் டிசைனர், அப்புறம் தலைவர். பொத்தான், காலண்டர் என்று இணையப் பக்கங்களுக்கான சின்னச் சின்னப் பாகங்களை எழுதி, வியாழன்தோறும் வெளியிடுவார்கள். மற்ற நிறுவனங்கள் அவற்றை எடுத்துத் தங்கள் பக்கங்களில் பொருத்திக்கொள்ளும்.

வெளியிடுவதற்கு முன் பதினோரு வேலைகள் உண்டு. அத்தனையையும் அவள்தான் கையால் செய்துவந்தாள். ஒரு வியாழன், தோற்றத்துக்கான கோப்பைச் சேர்க்க மறந்துபோனாள். ஒரு மருத்துவமனையின் பக்கத்தில் காலண்டர் கட்டம் கலைந்து, முப்பத்தொரு தேதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். பதினோரு வேலையையும் அதுவே பார்க்கும். நாம் தரவேண்டியது ஏதாவது குறைந்தால் நின்றுவிடும்.

தாடி முதலில் தட்டிப் பார்த்தான்.

"பிழை பதினாலுன்னு வருது. அப்படின்னா என்ன?"

"பதிப்பு எண்ணை மாத்தலைன்னு அர்த்தம்."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?"

நியாயமாகத்தான் பட்டது. தினமும் காலையில் மகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது என்னென்ன கத்துகிறாளோ, அந்தத் தொனியிலேயே எல்லாச் செய்திகளையும் மாற்றி எழுதினாள்.

அடுத்த வியாழன் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகளோடு வராந்தாவில் காத்திருந்தபோது தலைவர் போனில் கூப்பிட்டார். தாடிக்குக் காய்ச்சலாம், அவரே வெளியிட உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவை.

"உன் கருவி என்னைத் திட்டுதும்மா!"

"என்ன சார் சொல்லுது?"

"'போன வார நம்பரையே போட்டுட்டுக் கிளம்புறியே, கண்ணு எங்க இருக்கு?'ன்னு கேக்குது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மாத்திட்டுத் தட்டுங்க சார்."

விசைகள் படபடத்தன. "இப்போ, 'என்ன மாத்தினேன்னு ரெண்டு வரி எழுத வலிக்குதா?'ங்குது."

காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மகள், "ஏம்மா, அவரையும் என்னை மாதிரியே திட்டுறியா?" என்றாள்.

அந்தப் பக்கம் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு வரி எழுதி மறுபடி தட்டினார்.

"போயிடுச்சு! 'சமர்த்து, பத்திரமா போய்ச் சேர்ந்துடுச்சு'ன்னு வந்திருக்கு. நான் சமர்த்தாம்!"

"மன்னிச்சுக்கோங்க சார், வர்றவங்க யாருன்னு அதுக்குத் தெரியாது. திட்டை எல்லாம் எடுத்துடறேன்."

"தொட்டுடாதே. பிழை எண் மட்டும் காட்டியிருந்தா, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் கேட்டே உன் உயிரை எடுத்திருப்பேன்."

மருத்துவமனை புதுப் பதிப்பைப் பொருத்த அரை மணி நேரம் ஆனது. அவள் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஏழு ஏழாகத் தேதிகள் பிசகாமல் நின்றன. மகள் கைப்பேசியைப் பிடுங்கி, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஆசிரியை பெயர் சொல்லி அழைத்தபோது இருவரும் இரண்டு வருடம் தாண்டியிருந்தார்கள்.