எலியாசரின் பாஸ்போர்ட்

அந்த மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு சட்டக் கல்லூரிதான். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், எதிர்த்தரப்பு வக்கீல், சட்டசபையில் கை தூக்குபவர் எல்லோரும் அந்த ஒரே கட்டடத்தில் படித்து வெளியே போனவர்கள். ஆகவே அங்கே பெரிய ஆள் ஒருவரை எதிர்த்து மனுப் போட்டால், செய்தி சாயங்காலத்துக்குள் கல்லூரிப் படியேறி வந்துவிடும்.

ரீட்டா ஹால்வர்சன் போட்ட மனு மத்தியானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. டீன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

ரீட்டாவுக்கு முப்பத்திமூன்று வயது. மூன்றாம் ஆண்டு மாணவி. படிக்க வருவதற்கு முன் ஆறு வருஷம் மாட்டுச் சந்தைகளில் சூட்டுக்குறி ஆய்வாளராக இருந்தவள். எந்த மாட்டின் தொடையில் யாருடைய குறி இருக்கிறது, கையில் இருக்கும் காகிதம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவள். வக்கீல் சான்று பெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நீதிமன்றத்தில் வாதாடலாம் என்பது அந்த மாநிலத்து விதி. கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம் அந்த விதியை நம்பித்தான் நடந்தது. அங்கேதான் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் எலியாசர் பாவ்கர் வந்து நின்றார்.

பெரு நாட்டு மலைப்பக்கத்து மனிதர். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேட் கான்ராயின் ஆடுகளை மேய்க்க வந்தவர். கோடையில் மலை மேல், குளிர்காலத்தில் கீழே பாலைவெளியில், ஒரு கூண்டு வண்டியும் இரண்டு நாய்களும் ஆயிரத்துச் சொச்சம் ஆடுகளுமாக இருந்தவர். செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது. ஊரில் மனைவி நெலிதாவுக்கு டிசம்பரில் வயிற்றில் அறுவை சிகிச்சை. பாஸ்போர்ட்டைக் கேட்டபோது கான்ராய், "குட்டி போடுற சமயம் முடியட்டும், மே மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் வேலைக்கு வந்த முதல் நாளே பாஸ்போர்ட் கான்ராயின் இரும்பு அலமாரிக்குள் போயிருந்தது. எலியாசர் இரண்டு நாள் நடந்து நெடுஞ்சாலைக்கு வந்தார். மான் வேட்டைக்கு வந்த யாரோ தங்கள் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து பல்கலைக்கழக ஊரில் இறக்கிவிட்டார்கள்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்மா" என்றார் அவர் ஸ்பானிஷில். சந்தைகளில் கற்றுக்கொண்ட கொச்சை ஸ்பானிஷ் ரீட்டாவுக்கு இருந்தது. "என் பேர் போட்ட அந்தப் புத்தகம் வேணும். அவ்வளவுதான்."

ரீட்டா பத்து நாள் யோசித்தாள். கான்ராய், சட்டக் கல்லூரி சேர்ந்திருந்த பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர். அதோடு, அவள் அப்பாவின் மாடுகள் ஒவ்வொரு கோடையும் மேய்வது கான்ராயின் நிலத்தில்தான். பதினோராம் நாள் மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

டீன் விட்மோர் கெட்டவர் இல்லை. காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நான் கேஸ விடச் சொல்லல ரீட்டா. தலைநகர்ல சட்ட உதவிச் சங்கம் ஒண்ணு இருக்கு. அவங்க கைக்கு மாத்திவிடுன்னுதான் சொல்றேன்."

"அவங்க எப்ப எடுப்பாங்க?"

"மார்ச் மாசம் ஆகும்."

"அவர் பொண்டாட்டிக்கு டிசம்பர்ல ஆபரேஷன், டீன்."

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிப்ரவரில சட்டசபை கூடுது. கான்ராய் ஒரு வார்த்தை சொன்னா, நம்ம மையத்துக்கான ஒதுக்கீட்ட ஒரே வரியில அடிச்சிட்டுப் போயிடுவாங்க. வருஷத்துக்கு இருநூறு பேர் இங்க வந்து நிக்கிறாங்க. ஒரு ஆளுக்காக அத்தனை பேரும் நடுத்தெருவுல நிக்கணுமா? நீயே சொல்லு."

அது அவளுக்கு உறைத்தது. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"வந்து நிக்கிற ஆள ஒரு பெரிய மனுஷனுக்குப் பயந்து வெளிய தள்ளினோம்னு தெரிஞ்சா, மத்தவங்க எத நம்பி வருவாங்க? அதுவும் போக, விடுறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியவர் நீங்களும் இல்ல, நானும் இல்ல, அவர்தான். இதெல்லாம் இந்தக் கட்டடத்துலதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

"நீ இன்னும் வக்கீல் ஆகல."

"ஆகாமலே போனாலும் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்றே அப்பாவிடமிருந்து போன். ஆர்லன் ஹால்வர்சன் வளவளவென்று பேசுகிறவர் அல்ல.

"கான்ராய் வந்துட்டுப் போனான்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. புல்லு நல்லா இருக்கா, மாடு நல்லா இருக்கான்னு கேட்டான். அவன் அப்படிக் கேட்டா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா."

"அடுத்த கோடைக்கு நூத்திப் பத்து மாட்ட எங்க ஓட்டிட்டுப் போறது? உன் புத்தகத்துலயா மேய விடுறது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அந்த ஆளு யாரு உனக்கு? மாமனா மச்சானா?"

"என் கட்சிக்காரர்."

அப்பா போனை வைத்துவிட்டார்.

விசாரணை நாள் வந்தது. நீதிமன்றம் இருந்த சிற்றூர் நூற்றிருபது மைல் வடக்கே. கல்லூரி வண்டிக்கு எழுதிப் போட்டதற்கு "பயண அனுமதி இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ரீட்டா தன் பழைய பிக்கப்பை எடுத்தாள். சட்ட உதவி மையத்தை நடத்திய பேராசிரியை நோரா ட்வைட் கூடவே வந்து முன் இருக்கையில் ஏறினார். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் ரீட்டா நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. இருவருக்கும் நடுவில் எலியாசர், தேவாலயத்தில் கொடுத்த சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு.

"நீங்க வரமாட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றாள் ரீட்டா.

"எனக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிப்பாங்க. இந்த வருஷம் புதுப்பிக்க மாட்டாங்க. அது முடிஞ்ச கதை" என்றார் நோரா. "நீ வண்டிய எடு. இந்தக் காத்துல ரோட்ட மூடிடப் போறாங்க."

காற்று பனியைத் தரையோடு தரையாகப் புகை மாதிரி விரட்டிக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு சரக்கு லாரிகள் சாய்ந்து கிடந்தன. எலியாசர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஆடுன்னா இந்நேரம் பள்ளத்துல போய்ப் படுத்திருக்கும். லாரிக்கு அந்த அறிவு இல்ல" என்றார். ரீட்டாவுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

நீதிமன்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேரை ரீட்டாவுக்கு மாட்டுச் சந்தையிலிருந்தே தெரியும். ஒருவரும் அவளைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. கான்ராய் வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசாரணை தொடங்கியதுமே அவருடைய வக்கீல் லோகன் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கல்லூரி டீன் எழுதினது, கனம் நீதிபதி அவர்களே. இந்த வழக்குல கல்லூரி தொடர விரும்பலன்னு சொல்லியிருக்கார். அதனால இந்தப் பொண்ணு இங்க நிக்கவே முடியாது."

நீதிபதி இமோஜன் ஸ்ட்ரவுட் கடிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

ரீட்டா எழுந்தாள். இரவெல்லாம் எழுதி வைத்த எதுவும் நினைவில் இல்லை. "டீன் என் கட்சிக்காரர் இல்லீங்க. என் கட்சிக்காரர் இங்க இருக்கார். அவர்கிட்டயே கேளுங்க. அவர் போகச் சொன்னா இப்பவே போயிடறேன்."

மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொன்னார். எலியாசர் எழுந்து நின்று, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி கையை நீட்டி ரீட்டாவைக் காட்டினார்.

"இவங்கதான் என் வக்கீல்."

"உட்காருங்க லோகன்" என்றார் நீதிபதி.

கான்ராய் சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்துவிட்டு, பொறுமையான பெரிய மனிதர் முகத்தோடு ரீட்டாவைப் பார்த்தார்.

"மிஸ்டர் கான்ராய், உங்க மாட்டுக்கு என்ன குறி?"

"சாஞ்ச C, கீழ ஒரு கோடு. நீயே நூறு தடவை பாத்திருக்கியே, ரீட்டா."

"உங்க பட்டியில வேற ஒருத்தர் குறி போட்ட மாடு நின்னா நான் என்ன செய்வேன்?"

"சொந்தக்காரனக் கூப்பிட்டு ஒப்படைப்ப."

"'பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்'னு நீங்க சொன்னா?"

கான்ராய் லோகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பவும் ஒப்படைப்பேன். இல்லையா?"

லோகன் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! மனுஷன மாட்டோட ஒப்பிடுறாங்க."

"நான் பாஸ்போர்ட்டத்தான் ஒப்பிட்டேன்" என்றாள் ரீட்டா. "ஆளயும் சேத்துப் பட்டியில அடைச்சது அவர்."

பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். நீதிபதி மேலே போகச் சொன்னார்.

"செப்டம்பர் முப்பதோட ஒப்பந்தம் முடிஞ்சுது. அக்டோபர் ரெண்டாம் தேதி அவர் பாஸ்போர்ட்டக் கேட்டாரா?"

"கேட்டான்."

"கொடுத்தீங்களா?"

"இங்க பாரு, மே வரைக்கும் ஆடு குட்டி போடும். கைக்கு ஆள் இல்லாம நான் என்ன பண்றது? அவன விட்டா அப்புறம் திரும்பி வருவானா?"

சொன்ன பிறகுதான், தான் எதை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. லோகன் கண்ணை மூடிக்கொண்டார். ரீட்டா "அவ்வளவுதாங்க" என்று உட்கார்ந்தாள். மேஜைக்குக் கீழே நோரா அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

நாலு மணிக்குள் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அது நாற்பது மைல் தள்ளிப் பண்ணையில் இருக்கிறது, நாளைக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார் கான்ராய். "நாங்களே வந்து வாங்கிக்கிறோம்" என்றாள் ரீட்டா. நீதிபதி அவர்களோடு ஊர்ப் போலீஸான ஷெரிஃபின் உதவியாளர் ஒருவரை அனுப்பினார்.

பண்ணை வீட்டு முன்னால் மூவரும் இறங்கி நின்றார்கள். நோராவின் ஸ்கார்ஃப் காற்றில் படபடத்தது. உதவியாளர் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ராய் உள்ளே போய், சிவப்பு அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தோடு வாசற்படிக்கு வந்தார். எலியாசரைப் பார்த்தார். பிறகு அதைப் படிக்குக் கீழே பனியில் வீசிப் போட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போ."

ரீட்டா குனியப் போனாள். எலியாசர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். மூன்று வருஷத்தில் அவர் முதலாளியிடம் சொன்னதெல்லாம் "சரிங்க", "ஆகட்டுங்க" இரண்டுதான். இப்போது தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னார்.

"இல்ல. என் கையில கொடு."

கான்ராயின் முகம் சிவந்தது. "என்ன சொன்ன?"

"என் கையில."

எலியாசர் கையை நீட்டியபடியே நின்றார். அந்தக் கைக்கு உறை கூட இல்லை. காற்று அடித்தது. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. கை இறங்கவில்லை. உதவியாளர் மெதுவாக நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி நாலாகப் போகுது, வேட். உத்தரவுல ஒப்படைக்கணும்னுதான் போட்டிருக்கு. வீசச் சொல்லல."

கான்ராய் படியிறங்கினார். குனிந்தார். அறுபத்தைந்து வயது முதுகு அத்தனை சுலபமாக வளையவில்லை. பனியைத் தட்டிவிட்டு, பாஸ்போர்ட்டை அந்தக் கையில் வைத்தார். எலியாசர் முதல் பக்கத்தைத் திறந்து, படம் தன்னுடையதுதானா என்று நிதானமாகச் சரிபார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

நவம்பர் கடைசியில் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். அறுவை சிகிச்சை முடிந்து நெலிதா கட்டிலில் உட்கார்ந்து சூப் குடிக்கிற படம் ஒன்று ரீட்டாவின் போனுக்கு வந்தது.

மற்றதெல்லாம் அத்தனை நல்லபடியாக முடியவில்லை. சட்டசபை, டீன் சொன்ன மாதிரியே, மையத்தின் ஒதுக்கீட்டில் பாதியை வெட்டியது. நோராவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேய்ச்சல் நிலம் கைவிட்டுப் போனது. ஆர்லன் அறுபது மாடுகளை விற்றார். விற்ற அன்று ரீட்டாவும் சந்தைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். கடைசி லாரி கிளம்புவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் குனிஞ்சானாமே, நெஜமா?" என்று கேட்டார்.

"நெஜம்ப்பா. நான் பாத்தேன்."

"ம்" என்றார் அவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அத நான் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

ஜூலையில் ரீட்டா வக்கீல் தேர்வு எழுதினாள், தேறினாள். ஆனால் சான்று வரவில்லை. அவளுக்கு நிதானம் போதாது, வக்கீல் தொழிலுக்கு ஏற்ற குணம் இல்லை என்று கான்ராய் புகார் எழுதியிருந்தார். சான்று தரும் நன்னடத்தைக் குழு முன்னால் அவள் போய் உட்கார்ந்தாள். எதிரே மூன்று மூத்த வக்கீல்கள். மூவரும் அதே கல்லூரியில் படித்தவர்கள்.

குழுத் தலைவர் புகாரைப் புரட்டினார். "டீன் ஒரு யோசனை சொன்னாரு. அத மதிக்கல. ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருத்தர அவர் வாசல்லயே வெச்சு அவமானப்படுத்தினதா எழுதியிருக்கு. அதுக்கு வருத்தம் தெரிவிச்சு ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா, இத இன்னைக்கே முடிச்சிடலாம்."

"எதுக்கு வருத்தம்னு எழுதட்டும்?"

"பொதுவா எழுதலாமே."

"பொதுவா எனக்கு வருத்தம் இல்லீங்களே."

தலைவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இதே மாதிரி ஒரு கேஸ் நாளைக்குத் திரும்ப வந்தா என்ன செய்வீங்க?"

"அந்த ஆள் வந்து நின்னப்புறம் மனுப் போட நான் பத்து நாள் எடுத்துக்கிட்டேன்" என்றாள் ரீட்டா. "பயந்துட்டு. அது ஒண்ணுதான் தப்பு. அதுக்கு வேணும்னா கடிதம் எழுதித் தர்றேன். இனிமே அன்னைக்கே போட்டுடுவேன்னு."

சான்று இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அதில் இரண்டு கையெழுத்துதான்; மூவரில் ஒருவர் போட மறுத்துவிட்டாராம்.