கேட்காமலே கொடுத்தது

இரண்டு நாடுகளுக்கு இடையே தடையில்லா வணிக ஒப்பந்தம் பேசி முடிக்க உட்கார்ந்தவர்களுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். தன் நாட்டுத் தலைமை அதிகாரியின் பக்கத்தில் அமர்ந்து, இவர் பேச்சை அவர்கள் மொழியிலும், அவர்கள் பேச்சை இவர் மொழியிலும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'வெண்ணெய்' என்று பெயர். எந்தப் பிடியிலும் சிக்காமல் வழுக்கிவிடுவார்.

அன்று காலை முழுக்க பால்பவுடர் இறக்குமதி வரியை எடுக்கச் சொல்லியே எதிர்த்தரப்பினர் இழுத்தடித்தார்கள். அவளுடைய அக்காவும் அத்தானும் மாடு வைத்துப் பிழைப்பவர்கள். வரி போய்விட்டால் வெளிநாட்டுப் பவுடர் வந்து குவியும்; இவர்கள் பாலைச் சீந்த ஆள் இருக்காது. ஆனால் அவளுக்கு அங்கே வாய்தான் உண்டு, கருத்து கிடையாது.

இடைவேளையில் கழிவறைக்குப் போனாள். உள்ளே அவள் தாழிட்டிருந்தது தெரியாமல், எதிர்த்தரப்புப் பெண் அதிகாரிகள் இருவர் கை கழுவிக்கொண்டே தங்கள் மொழியில் பேசினார்கள்.

"பால்பவுடர் வரியை எடுக்கச் சொல்லிக் கேக்கறதை விட்டுடச் சொல்லி நேத்தே உத்தரவு வந்தாச்சு. சும்மா கொஞ்சம் பிகு பண்ணிட்டு விட்டுடலாம்."

"நல்லதாப் போச்சு. சாயங்காலம் கடைக்குப் போகலாம்."

அவள் ஓட்டமும் நடையுமாக வெண்ணெயிடம் வந்தாள். அவர் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சுச் சுளைகளை வாயில் போட்டு, கொட்டைகளை காபி சாஸரில் துப்பிக்கொண்டிருந்தார்.

"சார், அவங்க பால்பவுடரை விட்டுக்கொடுக்கப் போறாங்க. நான் காதால கேட்டேன். நாம கொஞ்சம் அழுத்தமா நின்னா போதும்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நாமளா கொடுத்தாத்தானே அவங்க நம்மள மறக்கமாட்டாங்க? ரிட்டயர் ஆனப்புறம் நானும் எங்கயாவது உக்காரணும்ல?" இன்னொரு கொட்டையைத் துப்பினார். "மாடு வச்சிருக்கிறவன் வேற பொழப்பு பாத்துப்பான். நான் சொல்றதை மட்டும் நீ சொல்லு."

மறுபடி கூட்டம் கூடியதும் அவர் நெஞ்சில் கைவைத்து, "நம்ம நட்புக்காக, பால்பவுடர் வரியை முழுசா எடுத்துடறோம்" என்றார்.

அவள் அதைச் சொன்னாள். ஊசிப்போன எதையோ நக்கிய மாதிரி இருந்தது. எதிரே அந்தப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெண்ணெய் ஆரஞ்சு பிசுபிசுக்கும் கையால் அவள் முதுகில் தட்டி, "பிரமாதம்" என்றார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கொட்டகையில் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவங்க விட்டுடத்தான் இருந்தாங்க, திரும்பக் கேக்கவே இல்லக்கா. இவனாத் தூக்கிக் கொடுத்தான். என் வாயால சொல்ல வச்சான்."

அக்கா ஈரக்கையோடு எழுந்தாள். "இதை எங்கிட்ட சொல்லி என்னடி பிரயோஜனம்? பால்காரங்க சங்கத்துல வந்து சொல்றியா?"

"வேலை போயிடும்மா" என்றார் அத்தான்.

"போகட்டும் அத்தான். அந்த நாத்தத்துல இனிமே உக்கார முடியாது."

சங்கக் கூட்டத்தில் சொன்னாள். பத்திரிகைகளில் வந்தது. வெண்ணெய் நிருபர்களிடம், "பாவம், அந்தப் பொண்ணுக்கு அந்த மொழி அரைகுறை. எதையோ தப்பாக் கேட்டிருக்கு" என்றார். வேலை போனதைவிட அந்தப் 'பாவம்'தான் அவளைக் குடைந்தது. ஒப்பந்தம் எந்த மாற்றமும் இல்லாமல் கையெழுத்தானது. பவுடர் வந்தது. அக்கா பாதி மாடுகளை விற்றாள்.

இப்போது அவள் அதே மொழிக்கு டியூஷன் எடுக்கிறாள். போன வாரம் அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைக்காட்சியில் வெண்ணெய் வந்தார். ரிட்டயர் ஆனதும், பவுடர் அனுப்பும் அந்த நாட்டு வணிகக் கழகத்துக்கு ஆலோசகராம். கழுத்தில் மாலை, முகமெல்லாம் பல்.

"அதை அணைடி" என்றாள் அக்கா. "சோறு இறங்காது."