மாலைக் காய்ச்சல்

மேட்டுச் சாலையில் ஒருமுறை கார் கொதித்து நின்றதிலிருந்து மருந்துக்கடைக்காரருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கிடந்து, தானே மாட்டினார். இடம் கிடைத்தது இடது கோடியில்தான். ஊசி எங்கே நிற்கிறது என்பது பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

"நீ பாத்துச் சொல்லு, நான் ஓட்டறேன்" என்றார்.

"பாதி", "பாதிக்குக் கொஞ்சம் மேல" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்வதை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்தால் மட்டும் ஊசி சிவப்புக் கோட்டுக்கு ஏறியது.

"சாயங்காலமானா ஏறுற காய்ச்சல் லேசுப்பட்டது இல்ல" என்றார் அவர். "உள்ள ஏதோ இருக்கு."

வைத்தியம் தொடங்கியது. ரேடியேட்டரைக் கழுவினார். தண்ணீரை மாற்றினார். புது ஃபேன் பெல்ட் போட்டார். வேளாவேளைக்குச் சூட்டை நோட்டில் குறித்தார். காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் பத்தியம் விதித்தார்: இருட்டுவதற்குள் வண்டி வீடு வந்துவிட வேண்டும்.

இதில் அடிபட்டது மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்வருவது. தங்கை சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைக்கும்போது இவர் சாவியை எடுத்துவிடுவார். "காருக்கு உடம்பு சரியில்லன்னு எத்தனை நாள்தான் அவகிட்ட சொல்றது?" என்று மனைவி வழியெல்லாம் முணுமுணுப்பாள்.

ஒருநாள் தங்கை வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்பினார்கள். ஒரு லாரி குறுக்கே நின்றதில் தாமதமாகி, இருட்டத் தொடங்கியது. ஹெட்லைட்டைப் போட்டார்.

"சிவப்பு" என்றாள்.

ஓரம்கட்டி, விளக்கை அணைத்து, இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி பானெட்டைத் திறந்தார்.

"இறங்கிடுச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே."

"லைட்ட அணைச்சீங்கல்ல? திரும்பப் போடுங்க."

போட்டார். "சிவப்பு." அணைத்தார். "பாதி." நாலு தடவை பார்த்தாயிற்று.

"இஞ்சின் ஆறியிருக்கும்" என்றார்.

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஆறி, அடுத்த நொடியே கொதிக்குமா? அந்த மாதிரி காய்ச்சலுக்கு உங்க கடையில மாத்திரை இருக்கா?"

இல்லை. பானெட்டை மூடி, விளக்கைப் போட்டு வீட்டுக்கு ஓட்டினார்.

மறுநாள் காலை இருவரும் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். வண்டி வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டே நிமிடம் படுத்தார்.

"மீட்டருக்கு எர்த் எங்க குடுத்தீங்க சார்?"

"பக்கத்துல ஒரு ஸ்க்ரூ இருந்துச்சு."

"அது ஹெட்லைட்டோட எர்த். அதுவும் பெயிண்ட் மேலயே உக்காந்திருக்கு, இரும்பத் தொடல. லைட்டப் போட்டா ரெண்டு கரண்டும் திரும்பிப் போக வழி சரியா இல்ல, அதான் மீட்டர் தப்பாக் காட்டுது. உங்க இஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

பெயிண்டைச் சுரண்டி இறுக்கி, மீட்டருக்குத் தனியாக ஒரு வயரைக் கொடுத்தார். விளக்கைப் போட்டபோது ஊசி அசையவில்லை.

"லைட்டாலதான்னு யாரு சார் கண்டுபிடிச்சது? இஞ்சினையே பிரிச்சுட்டுதான் பாதிப் பேரு இங்க வருவாங்க."

"நாங்க சோதிச்சுப் பாத்தோம்" என்றார் மருந்துக்கடைக்காரர். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளைக் காட்டினார். "இவதான்."

"அம்மா, ஒரு உதவி" என்றார் எலக்ட்ரீஷியன். "அந்த வேன்ல பேட்டரி மீட்டர் ஊசி ஆடுதுன்னு மூணு நாளா நிக்குது. நான் முன்னாடி வயர அசைக்கறேன், நீங்க உள்ள உக்காந்து பாத்துச் சொல்றீங்களா?"

அவள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வைப்பரப் போடவா?"

"போடுங்கம்மா."

மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கடை திறக்கும் நேரம். வேனருகே போய், "ரொம்ப நேரமாகுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் பேசாம இருங்க, ஊசி ஆடுது" என்றாள்.

அங்கே கிடந்த பழைய டயரின் மேல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.